கண்ணுக்குள் சன்னல்

ராத்திரி மணி எட்டரை. மழை. குப்பனூர் ரோட்டில் மண் சரிந்து பஸ் பாதியிலேயே நின்றுவிட்டது. ஆள் அரவமே இல்லாத மலை ரோட்டில் சசிகலா மட்டும் நடந்து ஏறினாள்... என்னோடு ஹோட்டலில் வேலை பார்க்கும் மாதேஷின் அக்கா. சிரிக்காதே நவீன், இது கட்டுக்கதை இல்லை.

செம்மநத்தத்தில் அவள் மகள் கீர்த்தனாவுக்குக் காய்ச்சல். ஏழு வயது. அம்மா வருவாள் என்று சன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்ததாம். சசிகலா போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. பிள்ளை போய்விட்டது.

அடுத்த வருஷம், எங்கள் ஹோட்டலில் தங்கிய ஓவியர் கோவிந்தராஜ், செல்போன் படத்தைப் பார்த்து கீர்த்தனாவை எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தார். அந்தக்கால முறை. முகத்துக்கு அடிப்பூச்சாகப் பச்சை கலந்த சாம்பல். அதன்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய சிவப்பு, ஒரு பூச்சு காய்ந்தபிறகு இன்னொன்று. ஏற்காட்டுப் பனியில் காய நாலு மாசம் பிடித்தது. முடித்தபோது கன்னத்தில் ரத்தம் ஓடியது, சத்தியமாகச் சொல்கிறேன். கடைசியாகக் கண்ணில் ஒரு பொட்டு வெள்ளை. உற்றுப் பார்த்தால் அது வெறும் பொட்டு இல்லை, பிள்ளை படுத்துக் கிடந்த அறையின் சன்னல்.

"ஏனுங்க, கண்ணுக்குள்ள நான் இல்லீங்களே?" என்றாள் சசிகலா.

"பாப்பா எதப் பாக்குதோ அதுதானுங்க கண்ணுல உழும்."

அவ்வளவுதான். படத்தைச் சன்னலுக்கு எதிரே மாட்டினாள். தினமும் சாயங்காலம் முக்காடு போட்டுக்கொண்டு வெளியே போய், பனியில், அந்தச் சன்னலோரம் நிற்பாள். உள்ளே படத்தின்முன் நிற்கும் தம்பிக்கு அங்கிருந்து குரல் மட்டும் வரும்.

"மாதேசு... நான் தெரியறனா பாரு சாமி."

காய்ந்த சாயத்தில் எப்படித் தெரியும்? "இல்லக்கா" என்பான். மூன்று வருஷமும் அதே பதில். ஒரு பொய் சொல்லக்கூடாதா, மடையன்! எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

போன மார்கழியில் ஒருநாள் குரல் வரவில்லை. உள்ளே சாயம் கரைக்கும் டர்பன்டைன் வாடை... புதுசாக. சன்னல் கொண்டி 'டக்' என்றது. மாதேஷ் படத்தருகே போனான். அந்த வெள்ளைப் பொட்டுக்குள் முக்காடு போட்ட ஒரு பெண்.

"அக்கா, தெரியற! நீ தெரியறக்கா!" கத்திக்கொண்டே வெளியே ஓடினான்.

சசிகலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு எப்போதோ சில்லிட்டுப் போயிருந்தது.

தூக்கி வந்து கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். கண்ணுக்குள் சன்னல் திறந்து கிடந்தது. அங்கே யாரும் இல்லை. படத்தில் கீர்த்தனாவின் தோளில், சிவப்புக் கவுன்மேல், நாலு விரல் பதிந்திருந்தது. தொட்டான்... ஈரம்.

குளிப்பாட்டிய பெண்கள்தான் அதைப் பார்த்தார்கள். சசிகலாவின் வலது கையில் நாலு விரல் நுனியிலும் சிவப்புச் சாயம். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அப்படியேதான் புதைத்தோம்.