வெள்ளை மண்

உச்சி வெயில். வ. புதுப்பட்டியிலிருந்து கான்சாபுரம் போகிற வண்டிப்பாதை. காக்கை குருவி இல்லை.

போன கரண்ட் வர நேரமாகும்; கதை சொல்கிறேன். கிட்ட வந்து உட்காருங்கள்.

நம் ஐயாதுரையின் அக்கா செல்லக்கனிக்கு நடந்தது இது. எண்பத்து மூன்றாம் வருஷம். மழையே இல்லை. ஐயாதுரை சைக்கிளை மிதிக்க, அவள் பின்னால் தூக்குவாளியும் கூஜாவுமாக உட்கார்ந்திருந்தாள். கண்மாயில் வேலையாக இருந்த புருஷன் தவசிமுத்துவுக்குச் சோறு.

தவசிமுத்துவுக்கு மதுரையில் ஆராய்ச்சி வேலை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் மழை எப்படிப் பெய்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்மாயில் வருஷா வருஷம் மண் படியும். மேலே இருப்பது நேற்றையது. கீழே போகப்போகப் பழையது. இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, ஜாக்கி வைத்துத் தூக்கினால் மண் கரும்புத் துண்டு மாதிரி முழுசாக வரும். அதில் புதைந்த மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அன்றைக்கு என்ன பூத்தது, என்ன விளைந்தது என்று தெரியும். ஊரே காய்ந்து கிடந்தது. அவருக்கு மட்டும் வசதி. கண்மாய் நடுவில் நின்று குழாய் இறக்கலாம்.

அன்றைக்கு வந்த துண்டு சாக்கில் கிடந்தது. கறுப்பு, செம்மண், மறுபடி கறுப்பு... அதற்குக் கீழே நாலு விரல் கனத்துக்கு வெள்ளை. மாவு போல.

வண்டலா, களியா என்று அறிய அந்த வேலை பார்க்கிறவர்கள் மண்ணைத் துளி எடுத்து முன்பல்லில் கடிப்பார்கள். நறநறத்தால் வண்டல். வழுக்கினால் களி. கடித்ததும் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்க வேண்டும். தவசிமுத்து வெள்ளையைக் கடித்தார். நறநறக்கவில்லை. வழுக்கவும் இல்லை.

"தண்ணி கொண்டா."

செல்லக்கனி கூஜாவைச் சாய்த்தாள். பாதைக் குலுக்கலில் மூடி கழன்று எல்லாம் வழியிலேயே கொட்டியிருந்தது. அவர் துப்பப் பார்த்தார். வாயில் எச்சில் இல்லை. முழுங்கிவிட்டார்.

சிரித்தார்கூட.

சாயங்காலம், இந்த வேலைக்காகத் தங்கியிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் ஒரு குடம் குடித்தார். ராத்திரிக்குள் அண்டாவில் பாதி.

"அத்தான், மிச்சம் வைங்க. எங்களுக்கும் தொண்டை இருக்கு" என்றான் ஐயாதுரை.

மறுநாள் வெள்ளை மண்ணை, வீட்டில் வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ரொம்ப நேரம் தலை தூக்கவில்லை. ஒரு மகரந்தம் இல்லை.

"எம்புட்டுப் பஞ்சம்னாலும் எருக்கு பூக்குமே" என்றார். பிறகு மெதுவாக, "கண்மாய் காஞ்சா மண்ணே சேராது, செல்லக்கனி. அப்பொ இந்த நாலு விரல் கனம்... என்னது?"

அவள் தண்ணீர் மோந்து கொடுத்தாள்.

தெருக்குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். அக்கம்பக்கத்தில் கடன் வாங்கினாள். முதலில் கொடுத்தார்கள். எதிர்வீட்டு முத்துப்பேச்சி, "ஏட்டி, வீட்டுல மனுசனை வச்சிருக்கியா, மாட்டைக் கட்டியிருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினாள். பிறகு, செல்லக்கனி குடத்தோடு படியிறங்குவது தெரிந்தாலே கதவுகள் சாத்தின.

குடிக்கும்போது மடக் மடக்கென்று சத்தம் வராது. கொதிக்கிற முற்றத்தில் முதல் வாளித் தண்ணீர் விழுந்தால் கேட்குமே... ஸ்ஸ்... அது. வாயைத் திறந்தால் புதுமழை பெய்த மண்ணின் வாசம். வெளியே வானம் வெளுத்துக் கிடந்தது.

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை இல்லை என்றார் டாக்டர். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். ஏறியது. ஒன்றுக்குப் போகவில்லை. உடம்பு வீங்கவும் இல்லை. தோல் சுருங்கி, உதடு பாளம் பாளமாக வெடித்தது. டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்.

ஐயாதுரை வெள்ளை மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய், கண்மாயில் குழாய் இறக்கிய அதே குழியில் போட்டு, மேலே ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினான். அடியில் போய் விழுகிற சத்தத்துக்குக் காதை வைத்துக் காத்திருந்தான். கேட்கவில்லை.

ஒருநாள் செல்லக்கனி செம்பை நீட்டியபோது தவசிமுத்து அவள் கையைப் பிடித்தார்.

"எனக்கு நாக்குகூட நனையலைட்டி."

"இப்பத்தான ஒரு குடம் குடிச்சீங்க?"

"நான் குடிக்கலை. தொண்டையிலயே வாங்கிக்கிடுதாங்க."

"யாரு?"

அவர் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.

"அந்த மண்ணுல கிடந்தவங்க. பிள்ளைகளும் நிக்கி... வரிசையா."

அவள் செம்பைக் கீழே வைக்கவில்லை. ஊற்றினாள். வேறென்ன செய்வாள்? ஊற்றினால் இவருக்கு இல்லை. ஊற்றாவிட்டால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது முடிந்துவிட்டது.

நீர்மாலை எடுக்கப் போனார்கள். செத்தவரைக் குளிப்பாட்ட உறவுக்காரர்கள் மேளத்தோடு போய்த் தண்ணீர் எடுத்து வருவது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? ஊருக்கு வெளியே ஒரு தோட்டக் கிணற்றில் அடியோடு அடியாகச் சுரண்டி, கலங்கலாக, குடங்களை நிரப்பி வந்தார்கள். முற்றத்தில் பலகை போட்டு அவரை உட்கார்த்தினார்கள். வாய் திறக்காதபடி நாடியைத் துணியால் கட்டியிருந்தது.

முதல் குடம் தலையில் விழுந்தது. தரைக்கு வரவில்லை.

அடுத்த குடம்... அதற்கடுத்தது... மேளக்காரர் தானாகவே நிறுத்திவிட்டார். முத்துப்பேச்சி மட்டும் தன் வீட்டுக்கு ஓடி, குடிக்க வைத்திருந்த பானையையே தூக்கி வந்து ஊற்றினாள். செல்லக்கனி பலகைக்கு அடியில் கைவைத்துப் பார்த்தாள். தரையில் பொட்டு ஈரம் இல்லை.

"இன்னொரு குடம்" என்றாள். "ஒரே ஒரு குடம்... அவியளுக்குப் போதும்னு ஆயிட்டா இவருக்கு வந்துரும்."

குடம் இல்லை. தெருவிலேயே தண்ணீர் இல்லை. பெரியவர்கள், நேரமாகிறது, எடுங்கள் என்றார்கள். கோடித்துணி போர்த்தும்போது தலையைத் தொட்டவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். முடி நனைந்திருக்கவில்லை.

பாடையில் கிடத்த நாலு பேர் குனிந்தார்கள்.

ஐயாதுரை ஒருவனே தூக்கிவிட்டான். ஒரு கையால்.