பதினாலுக்கு அடுத்த பக்கம்

காலையில் காபி தாமதமானால் பொறுத்துக்கொள்வேன், இன்ஸ்பெக்டர் ஐயா; கோணலான பக்கத்தை மட்டும் பொறுக்கமாட்டேன். கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேறு கெட்ட பழக்கம் கிடையாது. நோட்டீசோ, கல்யாணப் பத்திரிகையோ, எது கையில் கிடைத்தாலும் எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டியிருக்கிற லட்சணத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் குமட்டும்.

தொண்ணூற்று நாலில் கோமதிசங்கர் கம்ப்யூட்டர் வாங்கி டவுனில் அச்சகம் வைத்தான். அன்றிலிருந்து குமட்டல் முற்றிவிட்டது. கோயில் கொடைவிழா நோட்டீசில் அம்பாளின் பாதத்தை ஒட்டி மூலவியாதி விளம்பரம். கல்யாண மலரில் மாப்பிள்ளையின் முகம் ஒரு பக்கம், காது அடுத்த பக்கம். இரண்டு பத்திக்கு நடுவே பாபநாசம் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தலாம். ஓரமே விடாமல் எழுத்தை அடைத்த சங்க ஆண்டறிக்கை ஒன்றைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

ஒவ்வொன்றையும் அவனிடமே கொண்டுபோய் விரிப்பேன்.

"ஏலே கோமதி, இந்தப் பக்கத்தை நீ கட்டுனியா, கழுதை மேஞ்சுட்டுப் போச்சா?"

"மாமா, ஊர்ல எல்லாவனும் எழுத்தைப் படிக்கான். நீங்க மட்டுந்தான் வெறும் எடத்தைப் படிக்கீங்க."

வேலையாட்கள் சிரிப்பார்கள். அச்சகத்தின் பின்கட்டுதான் அவன் வீடு. அங்கிருந்து அவன் அம்மா பார்வதியக்கா, "பெரிய மனுசனைக் கேலி பண்ணாதலே" என்று அதட்டி எனக்குக் காபி அனுப்புவாள். மூட்டுவலி, எழுந்து வர முடியாது. அங்கே என்னை மதித்தது அவள் ஒருத்திதான்.

போன தை மாதம் அவன் வீட்டு வைத்தியத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போட்டான். ஒரு பிரதியை என் கையில் வைத்து, "இதுல ஒரு குத்தம் சொல்லுங்க மாமா, பாப்போம்" என்றான்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாலு ஓரமும் சமம். தாளை வெயிலில் பிடித்தால் முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. பல்லெல்லாம் ஒரே அளவில் இருக்கிறவன் நம்மைப் பார்த்துச் சிரித்தால் எப்படி இருக்கும்? அதைவிட அருவருப்பாக இருந்தது.

குற்றம் இல்லாததால் ஒன்றை உண்டாக்க வேண்டியதாயிற்று. நடுவிலிருந்த பின்னைக் கழற்றி, இரண்டு தாள்களை இடம் மாற்றி, அதே துளைகளில் மறுபடி மாட்டினேன். மூட்டுவலித் தைலம் பதினாலாம் பக்கத்தில், "காந்தள் கிழங்கை எண்ணெயில் காய்ச்சி வடித்து" என்று முடியும். பதினைந்தில், "மூட்டில் தடவவும். விஷம், வாயில் படக்கூடாது" என்று தொடரும். என் பிரதியில் பதினாலுக்கு அடுத்து பதினேழு. அதன் தலையில் இருமல் கஷாயத்தின் கடைசி வரி: "வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடிக்கவும்."

ஒட்டே தெரியவில்லை. இத்தனை இதமாக ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோடு சேர்ந்ததை என் ஆயுளில் நான் கண்டதில்லை.

கோமதியிடம் காட்டினால் சிரிப்பான். அதனால் அக்காவிடம் கொண்டுபோய், பதினாலாம் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"தம்பி, இதைத் தடவுததுன்னுல்லா கேள்விப்பட்டிருக்கேன். குடிக்கவா சொல்லிருக்கு?"

"உங்க மகன் போட்ட புத்தகம்க்கா. அவன் தப்பாப் போடுவானா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதுவும் சரிதான்" என்றாள்.

பக்க எண்ணைப் பார்த்திருந்தாலே பிழைத்திருப்பாள். கீழே தெளிவாகத்தான் போட்டிருந்தது. ஜனங்களின் இந்த அசிரத்தை எனக்கு எப்போதும் அருவருப்பு.

பெற்றவளைத் தானே கொன்றுவிட்டதாக உங்கள் லாக்கப்பில் கோமதி அழுதுகொண்டிருக்கிறானாம். நீங்களும் சாதாரண பைண்டிங் கோளாறு என்று எழுதிவிட்டீர்களாம். அதைக் கேட்டுத்தான் வந்தேன். மற்ற பிரதிகளைப் பிரித்துப் பாருங்கள், ஐயா. எல்லாம் சரியாக இருக்கும். அந்த ஒன்று என் கைவேலை. அதைச் சாதாரணம் என்று எழுதுவது நியாயமில்லை.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: கழற்றும்போதுதான் கவனித்தேன், அந்தப் பின்னை அவன் நடுமடிப்பிலிருந்து ஒரு நூல் அளவு தள்ளி அடித்திருந்தான். ஆக, முதல் தப்பு அவனுடையதுதான்.