உறவினர் கையெழுத்து

அக்கா, நம் ஊரில் யார் எந்தக் கட்சி என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை; எங்கே முடி வெட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மேல்கடைக்குப் போகிறவர்கள் ஒரு கட்சி. அப்பாவின் கீழ்க்கடைக்கு வருகிறவர்கள் இன்னொரு கட்சி. காதை மூடும் அளவுக்கு முடி வளர்ந்தாலும் ஆள் கடை மாற மாட்டான். எழுத உட்கார்ந்தால் பாதியிலேயே அழித்துவிடுவேன் என்று, இதைப் போனிடம் பேசி, அதையே எழுத வைத்து அனுப்புகிறேன். கடைசிவரை படி.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய், பெயருக்கு நேரே ‘இருக்கிறார்’, ‘இடம் மாறினார்’, ‘இறந்தார்’ என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும். அவ்வளவுதான். அப்போது மேல்கடைக் கட்சியின் மரக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டு வேலைக்காக நான் நாயாய் அலைவது அவருக்குத் தெரியும்.

“உன்னைப் பொய் எழுதச் சொல்லலை தம்பி. கதவைத் தட்டு. ஆள் இல்லைன்னா இல்லைன்னு எழுது. எத்தனை மணிக்குத் தட்டணும்னு உனக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் கடையில் துண்டு உதறி வளர்ந்தவன் நான். யாருக்கு எந்த ஷிப்ட், யார் வீட்டில் எல்லோருமே வேலைக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்பாவிடம் முடி வெட்டிக்கொள்ளும் ஆலைக்காரர்கள் வீட்டைக் காலை பதினொரு மணிக்குத் தட்டினேன். ஒவ்வொரு கதவையும் இரண்டு முறை தட்டினேன், விதி அப்படி. கதவு திறந்த வீடுகளில் ‘இருக்கிறார்’ என்றே எழுதினேன். ஐம்பத்தெட்டுப் பேர் இடம் மாறினார்கள். அவர்களில் ஒருவரும் ஊரைவிட்டு நகரவில்லை.

மிச்சம் இருந்தது அப்பா. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓட்டுப்போட வருகிறவர்களைச் சரிபார்க்க, கட்சி சார்பாக ஓட்டுச்சாவடிக்குள் உட்காருகிறவர் அவர்தான். உச்சந்தலையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஐம்பத்தெட்டுப் பேரும் திரும்பிப் போவதை அவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் உள்ளே உட்காருகிறவருக்கு அந்தச் சாவடியில் ஓட்டு இருக்க வேண்டும். அவர் இடம் மாறினார் என்று எழுத முடியாது. நானே அதே வீட்டில்தான் இருக்கிறேன். மூன்றாவது கட்டத்துக்கு உறவினர் ஒருவரின் கையெழுத்து தேவைப்பட்டது. போட்டேன். ஒரு தேர்தலுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலைச் சுவரில் ஒட்டிய வாரம், “நான் பாத்துட்டேன்ப்பா, எல்லாம் சரியா இருக்கு” என்றேன். என் பையன் பார்த்த பட்டியல் என்று அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

தேர்தலன்று, உள்ளே போய் உட்காருமுன் தன் ஓட்டைப் போட வந்த அவருக்கு நான்கு பேர் பின்னால் வரிசையில் நின்றேன்.

“பெரியவரே, இதுல நீங்க தவறிட்டதா இருக்கே,” என்றார் அதிகாரி.

“அப்படியா? வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலையே,” என்றார் அப்பா.

வரிசையே சிரித்தது. அதிகாரி படிவத்தை எடுத்துக் காட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்தைப் பார்த்தார். எழுதப் பழக்கியவருக்கு அடையாளம் தெரியாதா. கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னைத் தாண்டித்தான் வெளியே போனார். பார்க்கவில்லை. நான் உள்ளே போய் என் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.

மேல்கடைக் கட்சி முப்பத்தொரு ஓட்டில் ஜெயித்தது. அடுத்த மாதம் நான் விமானம் ஏறினேன்.

அதற்குப் பிறகு ஆலைக்காரர்கள் கடைக்கு வந்து, “உம்ம பையன்தானே கணக்கெடுத்தான்?” என்று சண்டை பிடித்தார்களாம். “அவன் வந்து தட்டினான்யா. நீங்கதான் வீட்டுல இல்லை” என்று அப்பா ஒரே போடாகப் போட்டாராம். அம்மா இதைப் பெருமையாகச் சொன்னாள். பாதிப்பேர் இப்போது மேல்கடையில் முடி வெட்டிக்கொள்கிறார்கள் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

அம்மா போனை நீட்டும்போதெல்லாம் அப்பா, “செத்தவன் எங்கேயாவது போன்ல பேசுவானா?” என்கிறார். மூன்று வருடமாக நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். ஆறு பேர் படுக்கும் இந்த அறையில், பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நேற்று நீ அனுப்பியிருந்தாய். “அப்பா பேரைத் திரும்பச் சேக்கணும்னா, அன்னைக்குக் கையெழுத்துப் போட்டவனே தப்புன்னு எழுதித் தரணுமாம்டா. எந்தப் பாவின்னு கேட்டா அப்பா வாயே திறக்க மாட்டேங்கறார். உன்கூட வேலை பாத்தவங்ககிட்ட விசாரி.”

விசாரிக்க வேண்டாம் அக்கா. நான்தான். முகத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

படிவத்தை அனுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். காரணம் என்று ஒரு வரி கேட்டிருப்பார்கள். அதில் மட்டும் ‘கவனக்குறைவு’ என்று நீயே எழுதிவிடு. யோசித்துப் பார்த்தால் அதுவும் பொய்யில்லை.