பத்தில் எட்டுப் பேர்

எனக்கு மேடைப் பேச்சு வராது, மேடம். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். என் கல்யாண வரவேற்பில் நன்றி சொல்லக்கூட மச்சானைத்தான் மேடைக்கு அனுப்பினேன். கருத்துக்கணிப்பு வேலை எனக்கு ஒத்துப்போனது அதனால்தான். கேள்வியை எழுதிக் கொடுத்தால் போதும். மற்றவர்கள் போனில் வாசிப்பார்கள், மக்கள் பதில் சொல்வார்கள்.

சோபா கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். நீளமாக ஒரே அறை. கீழே வார்னிஷ் அடித்தால் மேலே எங்களுக்குத் தலை கிறுகிறுக்கும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். எல்லோரும் மரியாதையாகப் பேசத் தெரிந்தவர்கள்.

எங்களை அமர்த்திய வேட்பாளர் பின்தங்கியிருந்தார். மக்கள் குடிநீர் வரவில்லை என்ற ஒரே பாட்டைப் பாடினார்கள். நகர்மன்றத்தில் குடிநீர்க் குழுவில் இருந்தவரே அவர்தான் என்பதால் பதில் சொல்ல வழியில்லை. அவருடைய பிரசாரப் பொறுப்பாளர் என் மேசை மேல் ஏறி உட்கார்ந்து சொன்னார்: "தண்ணி வரலைன்னு கோபமா இருக்கிறவன் நமக்கு ஓட்டுப் போட மாட்டான். அவன் வேற எதுக்காவது பயப்படணும். எதுக்குன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

பல விஷயங்களைத் தொட்டுப் பார்த்தோம். கடைசியில் அணைக்காரர்களிடம் வந்து நின்றோம். அணை கட்டியபோது ஊர் மூழ்கி, இங்கே குடியேற்றப்பட்டவர்கள். வந்து ஒரு தலைமுறை ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. பழைய நூற்பாலைக்குப் பின்னால் அவர்கள் வீடுகள். இந்த ஊரில் பள்ளி வேன் ஓட்டுவதில் பாதிப் பேர் அவர்கள்தான். என் மகளை ஏற்றிப்போனவரும் ஓர் அணைக்காரர். அவள் அவரை 'வேன் மாமா' என்பாள்.

நான் எழுதியது இரண்டே கேள்விகள். 'சமீபத்தில் இந்த ஊரில் பள்ளிக் குழந்தை ஒன்று காணாமல் போனது பற்றிக் கேள்விப்பட்டீர்களா?' அடுத்தது, 'உங்கள் பிள்ளையின் வேனை ஓட்டுபவர் அணைக்காரர் என்றால் உங்களுக்கு எவ்வளவு பயம் இருக்கும்?' பதிலுக்கு மிகவும், ஓரளவு, சிறிது, இல்லவே இல்லை. முதல் மூன்றையும் கூட்டி 'பயம் உண்டு' என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை.

போன் பேசுகிறவர்களில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் இருந்தார். வாசித்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"சார், எந்தக் குழந்தை?"

"எந்தக் குழந்தையும் இல்ல டீச்சர். கேள்விப்பட்டீங்களான்னுதான கேக்குறோம்? இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும்."

அவர் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டார். பிறகு போய் உட்கார்ந்து, வகுப்பில் பாடம் வாசிப்பது போலத் திருத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். முதல் நாள் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. வாரக் கடைசியில், கேட்டவர்களில் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். சிலர் குழந்தையின் சட்டை நிறத்தையும் சொன்னார்கள்.

செய்தித்தாளில் முதல் பக்கத்திலேயே வந்தது: பத்தில் எட்டுப் பேர் அச்சத்தில். வேட்பாளர் அதைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டினார். "இத நான் சொல்லல, நீங்க சொல்றீங்க." கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னங்க, ஒரு குழந்தையைக் காணோமாம். அணைக்காரங்க வேலைன்னு சொல்றாங்க. எனக்குக் கை காலெல்லாம் உதறுது. நம்ம பொண்ண இனிமே வேன்ல அனுப்ப வேணாம்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவள் அதைத் தன் அக்காவிடம் சொல்வாள், அக்கா வாயில் எதுவும் நிற்காது. "சரி, நிறுத்திடுவோம்" என்றேன். நம்பினால் நம்புங்கள் மேடம், படுக்கப் போகும்முன் தாழ்ப்பாளை நானும் இழுத்துப் பார்த்தேன். என் கையால் எழுதிய கேள்வி என்று தெரியும். இருந்தும் எழுந்து போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். அதன் பிறகு வேன் எங்கள் தெருவைக் கடந்தால் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். வேன் மாமா வழக்கம்போல எங்கள் வாசலில் வேகத்தைக் குறைத்து, மகள் வருகிறாளா என்று எட்டிப் பார்ப்பார். பிறகு போய்விடுவார்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம், பள்ளி விட்டு வரும் வழியில் அவருடைய வேனின் டயர் வெடித்தது. பிள்ளைகள் வீடு வந்து சேரவில்லை என்றதும் பெற்றோர்கள் தேடிப் போயிருக்கிறார்கள். வேன் ஆளில்லாத சாலையோரம் நின்றது. அவ்வளவு போதுமாயிருந்தது.

அலுவலகத்தில் இருந்தபோது என் போன் அடித்தது.

"சார், நான் வேன் ஓட்டுறவன் பேசுறேன். எல்லாரும் சுத்தி நிக்குறாங்க சார். அடிக்கிறாங்க. பிள்ளைங்க உள்ளதான் இருக்கு, எண்ணிப் பாத்துக்கோங்கன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்க. என்னைத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

யாரோ போனைப் பிடுங்கினார்கள். அது ஒரு தகப்பனின் குரல். அவனும் பயத்தில் நடுங்கிக்கொண்டுதான் பேசினான்.

"சார், உங்க பொண்ணும் இந்த வேன்லதான போச்சு? ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் பள்ளியில் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தி, தோளில் போட்டுத் தூக்கிவந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் படுக்க வைத்தவர். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே பொறுப்பாளர் இருந்தார். போனில் எத்தனையோ பேரின் மூச்சு கேட்டது. தெரியும் என்று சொன்னால், அணைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று அடுத்து என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். தொண்டை அடைத்தது.

"எதுக்கும் ஒரு ஜாக்கிரதைக்குத்தான்" என்றேன்.

போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள் 'மாமா, மாமா' என்று கத்தினார்கள். அவர் என்னைத்தான் கூப்பிட்டார், 'சார்' என்று. இரண்டாவது முறை கூப்பிடும்போது நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். அவருடைய போனிலிருந்து போன கடைசி அழைப்பு எனக்குத்தான் என்று நீங்கள் சொல்வது சரிதான். அந்த ஒரு வரியைச் சொன்னது நான். அந்தக் குழந்தையை உண்டாக்கியதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மறுநாள் புதிய கேள்வி எழுதச் சொன்னார்கள். 'வேன் சம்பவத்துக்குப் பிறகு உங்கள் பயம் கூடியிருக்கிறதா?' எழுதிக் கொடுத்தேன். டீச்சர் வரவில்லை, அவர் இருக்கையில் வேறொருவரை உட்காரவைத்தேன். பயம் எல்லோருக்கும் கூடியிருந்தது. அணைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. வேட்பாளர் ஜெயித்தார்.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வீட்டுக்கு வந்தபோது நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். மனைவி சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அந்தக் குழந்தை கிடைச்சுதா இல்லையாங்க?"

அப்படி ஒரு குழந்தையே இல்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், பிறகு வேன் மாமாவை எதற்குக் கொன்றார்கள் என்று கேட்பாள்.

"தேடிக்கிட்டிருக்காங்க" என்றேன்.

அவள் போய் மகளின் அறை ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். பாவம், அவளை ஏன் வீணாகப் பயமுறுத்த வேண்டும், மேடம்?