தஸ்நேவிஸ் பாடு

ரொம்பக் காலத்துக்கு முந்தி நம்ம கடற்கரையில ரெண்டே ரெண்டு கரைவலைதான் இருந்துதாம். ஒண்ணு எங்க பூட்டன் தஸ்நேவிஸோடது. இன்னொண்ணு அவரு பெஞ்சாதியோட அண்ணன் சூசையோடது. வலை இழுக்கிற இடத்தைப் பாடுன்னு சொல்லுவோம். ஒரு பாடு மணல். இன்னொரு பாடு முழுக்கக் கல்லு, வலையைக் கிழிக்கிற கல்லு.

யாருக்கு எந்தப் பாடுன்னு தினமும் ஊரி போட்டுப் பார்ப்பாங்களாம். ஊரின்னா சுண்டைக்காய் அளவுல இருக்கிற கடல் நத்தை ஓடு. ஆளுக்கு ஒண்ணு, தினமும் அதே ஊரிதான், தேங்காய்ச் சிரட்டையில குலுக்கிக் கொட்டுவாங்க. வாய் மேல பார்த்தா மணல், கவிழ்ந்தா கல்லு. ரெண்டும் ஒண்ணுபோல விழுந்தா மறுபடி குலுக்கணும்.

தஸ்நேவிஸ் ஊரி கவிழ்ந்துச்சாம். மறுநாளும் கவிழ்ந்துச்சாம். கோயில்ல மெழுகுதிரி ஏத்திட்டு வந்தாரு, கவிழ்ந்துச்சு. சூசை கையில கள்ளம்னு சண்டை போட்டு, ஊர்ப்பெரியவரைக் குலுக்க வச்சாரு. அப்பவும் கவிழ்ந்துச்சு.

"மாப்ளே, கிழிச்சது போதும். என் வலைக்குக் கயிறு இழுக்க வந்துருங்க"ன்னு சூசை சிரிச்சாராம்.

இன்னொரு தரம் கிழிஞ்சா அதுதான் கதி. வலையில தைக்க இடமே மிச்சமில்ல.

பெஞ்சாதி சலேத்தம்மா, அண்ணன்கிட்ட சிரட்டையை வாங்கிட்டு வந்து, ரெண்டு ஊரியையும் தரையில உருட்டிப் பார்த்தாளாம். புருசனோடது முத்தின நத்தை. ஓரம் தடிச்சு, வாயைச் சுத்தி வெள்ளையா சுண்ணாம்பு அப்பின மாதிரி தட்டையா இருந்துச்சு. எப்படி உருட்டினாலும் அந்தத் தட்டைமேலதான் போய் உட்கார்ந்துச்சு. அண்ணனோடது இளசு. ஓரம் நகம்போல மெலிசு. அது இஷ்டத்துக்கு உருண்டுச்சு.

"இதை யாரு பொறுக்கினது?"

"நான்தான். கரை பூரா தேடி, இருக்கிறதுலயே அழகானதா எடுத்தேன்."

"நல்லாத்தான் தேடியிருக்கீங்க."

அன்னைக்கு அவரு சோறு திங்கலையாம்.

விடிஞ்சதும் ஊரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னாரு. அவரே ஓரம் மெலிசா ரெண்டு இளசு பொறுக்கி, கட்டைவிரல் நகத்தால ஓரத்தைத் தடவிக் காட்டினாரு. பெரியவர் குலுக்கிக் கொட்டினாரு.

தஸ்நேவிஸ் ஊரி கவிழ்ந்துச்சு.

ஒருத்தரும் சிரிக்கலையாம். சூசைக்கே சங்கடமாப் போய், இன்னொரு தரம் போடுவோமான்னு கேட்டாராம்.

"வேணாம். நியாயமா விழுந்துச்சுல்ல"ன்னு வலையைத் தூக்கிக்கிட்டுக் கல்லுப் பாட்டுக்குப் போனாரு. வலை கிழிஞ்சு நாராப் போச்சு. மறுநாள் அவருக்கு மணல் விழுந்துச்சாம். போட வலைதான் இல்ல. சூசை வலையில கயிறு இழுத்தாரு, இழுக்க இழுக்க முணுமுணுத்தாரு.

இன்னைக்கும் முந்தின நாள் கல்லுப் பாடு விழுந்தவன்தான் ஊரி பொறுக்கணும், நகத்தால ஓரம் தடவிக் காட்டணும். அந்தக் கல்லுப் பாட்டுக்குப் பேரு தஸ்நேவிஸ் பாடு. அது விழுந்து எவனாவது மூஞ்சியைத் தூக்கி வச்சா, நியாயமா விழுந்துச்சுல்ல, போன்னு சொல்லி அனுப்புவாங்க. அவனும் போவான், முணுமுணுத்துக்கிட்டே.