மைக்குல பண்ணுன ஜெபம்

ஏண்ணே, உங்க ஆளுங்க எல்லாம் சுமோவுலயே உக்காந்திருக்காங்களே, அவுங்களுக்கும் டீ ஊத்தட்டுமா? வேணாமா? சரி, நீங்களாச்சும் குடிங்க. எங்க பாப்பா மேல கொட்டிடாம குடிங்க. அது சட்டப் பட்டனப் புடிச்சு இழுக்கும், கண்டுக்காதீங்க. புது ஆளுகிட்ட போவவே போவாது, உங்க மடியில எப்டித்தான் உக்காந்திருக்கோ. வந்ததும் தூக்குனவரு, எறக்கவே மனசு வரல உங்களுக்கு.

காயத்ரிதானே? வருவாண்ணே. சனிக்கிழம கூட்டத்துக்கு மொத ஆளா வந்து நிப்பா. நேரமாச்சா? அந்தக் கடியாரத்த நம்பாதீங்க. அது எங்க மாமியாரு மாதிரி, எப்பவும் முன்னாடியே ஓடும்.

அய்ய, மதம் மாத்துற எடமெல்லாம் இல்லண்ணே இது. எங்க வூட்டுக்காரரு தேவசகாயம் பகல்ல எலக்ட்ரிக் வேல, சாயங்காலம் ஊழியம். தெருப் பசங்க போக்கிடம் இல்லாம பாலத்து மேல உக்காந்திருக்குதேன்னு, இந்த முன்ரூம காலி பண்ணி ஒரு கேரம்போர்டு வாங்கிப் போட்டாரு. ரெண்டு பாட்டு, ஒரு வசனம், அப்பறம் ஆட்டம், சுண்டல். அவ்ளோதான். திருநீறு பூசுன பசங்களும் வந்து கைதட்டிப் பாடிட்டுப் போவுது. உங்க அக்கா பொண்ணு இன்னிக்கி வரைக்கும் பொட்ட எடுத்ததில்ல. ரெட்டு காயின் போடுறதுல அவள அடிச்சிக்க ஆளே இல்ல, தெரியுமா? தெரியாதா? சொந்தத் தாய்மாமன், இதுகூடத் தெரியலயே.

உரிம உங்களுக்குத்தான், யாரு இல்லன்னா? தானே புயல்ல அண்ணாகிராமத்துல அவுங்க முந்திரித் தோப்பு மொத்தமா சாஞ்சப்ப நீங்கதான் குடும்பத்தத் தாங்குனீங்களாம், அவளே சொன்னா. நல்ல மாதிரியாத்தான் சொன்னா. ஆனா நர்சிங் படிக்க சிதம்பரம் வந்த பொண்ணு, வேலைக்குப் போவணும்னு ஆசப்படாதா? கல்யாணம் வேணாம்னு சொன்னதுக்குக் கையில சூடு வச்சுட்டாங்கக்கான்னு காட்டுனா. உங்கள ஒண்ணும் சொல்லலண்ணே. யாரு வச்சதுன்னு நான் கேக்கவும் இல்ல.

இங்க ஒரு பழக்கம். யாருக்கு இன்னா கஷ்டமோ எழுந்து சொன்னா, பேரச் சொல்லி ஜெபிப்போம். போன வாரம் இவ எழுந்து, வேல கெடச்சிருக்கு, வர்ற சனிக்கிழம கூட்டம் முடிஞ்சதும் இங்கேருந்தே கெளம்பப் போறேன், வழி தொறக்கணும்னு அழுதா. எங்க வூட்டுக்காரரு உருகிட்டாரு. உருகுனா அவருக்கு மைக்கு வேணும். பேரு, ஊரு, கெளம்புற நாளு, கட்டிக்கப் போற மாமன்னு உங்க பேரு மொதக்கொண்டு ஆண்டவருக்கு வெவரமா எடுத்துச் சொன்னாரு. ஏன், ஆண்டவருக்குத் தெரியாதா? எப்பவும் அந்நேரத்துக்குக் கரண்டு இருக்காது, அன்னிக்குன்னு பாத்து இருந்துச்சு. ஸ்பீக்கர் பாக்ஸு வேற தெருவப் பாத்து மாட்டியிருக்கு. முக்குக் கடையில டீ குடிச்ச உங்க ஊரு ஆளு காதுல வுழுந்து, இப்ப நீங்க இங்க. தெருவுக்கே கேட்டுடுச்சுன்னு தெரிஞ்சதும் எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளு சோறு தின்னல.

அப்டி இறுக்காதீங்கண்ணே, அதுக்கு வலிக்கும்.

பசங்க ஒருத்தரும் வரல, பாத்தீங்களா? வண்டியப் பாத்துட்டு முக்குலயே திரும்பியிருக்கும். சீட்டுக்கடியில நீளமா சாக்குல சுத்தி வச்சிருக்கீங்களே, கரும்பா? பெண்ணாடம் மில்லுக்கா? சும்மா தமாசுக்குக் கேட்டேன். சிரிக்கவே மாட்டேங்குறீங்க.

இருங்க, போனு. ஒரே ரிங்குல நின்னுடுச்சா? எங்க வூட்டுக்காரருதான், மிஸ்டு காலு. எடுக்கத் தேவையில்ல. டீ ஆறிப்போச்சு, அத வச்சுடுங்க.

அவ வர மாட்டாண்ணே. ரயில் ஏறியாச்சு, அதுக்குத்தான் அந்த மிஸ்டு காலு. எந்த ஊருக்குன்னு எனக்குத் தெரியாது. சத்தியம் பண்ணக் கூடாதும்பாங்க எங்கள்ல, ஆனா நெசமாத் தெரியாது. எங்கிட்டச் சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன், எங்க வூட்டுல ஒரு வாயி போதும். காலையில அவ போன் பண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ஜெயராணிக்கா, மாமா வந்தா உக்காரவச்சுப் பேசிக்கிட்டே இருங்கக்கா, அவரு ரயிலு டேசன் பக்கம் போயிடக் கூடாதுன்னா. பேசுறதுக்கா எனக்குச் சொல்லித் தரணும்? சரின்னுட்டேன். நீங்க பாப்பாவத் தூக்கி வச்சுக்குவீங்கன்னு அவளுக்கும் தோணல, எனக்கும் தோணல.

எழுந்திரிக்காதீங்கண்ணே. அவுங்கள உள்ள கூப்புடாதீங்க. பேசுனது நானு, அனுப்புனது நாங்க, எங்கள இன்னா வேணா பண்ணுங்க. மொதல்ல பாப்பாவ இப்டி எங்கிட்டக் குடுங்க.