காசியின் கைகள் செய்யாத குற்றம்

இம்மேடையின் நடுவே நிமிர்ந்து வீற்றிருக்கும் தலைவர், என் அன்பிற்கும் கொஞ்சம் அச்சத்திற்கும் உரிய இஷ்தியாக் அகமது சாஹிப் அவர்களே! வேலூரிலிருந்து வெயிலைக் கடந்து வந்திருக்கும் குழந்தை மருத்துவர் மெர்சி அவர்களே! பேரணாம்பட்டின் பெரியோர்களே! பீடி சுற்றும் விரல்களுக்கு இன்று ஓய்வு கொடுத்து வந்திருக்கும் தாய்மார்களே! ஷிப்ட் முடிந்து சட்டை மாற்றாமலே ஓடிவந்த என் தொழிலாளத் தோழர்களே! உங்கள் அத்தனை பேரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாஹிப் அவர்களே, இந்தச் சங்கத்து ராமமூர்த்தி கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு இப்போது கடிகாரத்தைப் பார்த்து என்ன பயன்?

எலும்பு மஜ்ஜை தானத்துக்குப் பெயர் பதியும் முகாமில், தோல் தொழிற்சங்கத்துக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே காசி, அவர் நம் தோழர். தோல் பதனிடும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர். பக்கத்தில் இருப்பவர் அவர் மனைவி அமிர்தவள்ளி. காசியின் சொந்த அக்காள் மகள். பெண் குழந்தை மோனிஷா பிறந்தாள், குடும்பம் குதூகலித்தது. பிறகு பிறந்தான் கௌதம்.

அவன் உட்காரப் பழகுவதற்கு முன்பே வயிற்றுப்போக்கு. போக்கில் இரத்தம். ஆசனவாயைச் சுற்றி ஆறாத புண். ஓயாத காய்ச்சல். பால் குடித்தும் எடை ஏறவில்லை. பார்த்தவர்கள் சும்மா இருந்தார்களா? பல் முளைக்கிறது என்றார்கள். தாய்ப்பால் சரியில்லை என்றார்கள். தண்ணீர் என்றார்கள். கடைசியில் தெருவே கூடிக் கண்டுபிடித்தது: "தோல் மருந்துல ஊறுன கை. அந்தக் கையாலதான் புள்ளைக்கு விஷம் ஏறுது!"

எந்தக் கையைச் சொன்னார்கள்? நாற்பது நாட்டுக் கால்களுக்குத் தோல் கொடுக்கும் கையை! நாளெல்லாம் உழைத்து நாலு பேருக்குச் சோறு போடும் கையை! காசி அதை நம்பினார், தோழர்களே. எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தார். உப்பு போட்டுத் தேய்த்தார். தோல் உரியத் தேய்த்தும் பிள்ளைக்குக் குணமாகவில்லை. அன்றோடு கௌதமைத் தொடுவதையே விட்டுவிட்டார். பெற்ற பிள்ளையை வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார்.

மெலிந்து மெலிந்து உயிர் ஊசலாடும் நிலையில்தான் பிள்ளையை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மெர்சி அம்மா, "அப்பா, கொஞ்சம் புள்ளையத் தூக்கிப் புடிங்க" என்றார். காசி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"வேணாம் மேடம். நான் தொட்டா இவனுக்கு ஜாஸ்தி ஆவுது."

அந்த அம்மா அக்காள் மகளைக் கட்டியதைக் கேட்டார், பிறந்த சில வாரத்திலேயே நோய் தொடங்கியதைக் கேட்டார், மூன்று பேரின் இரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். விடை வந்தது. நமக்குப் புரிகிற மாதிரி நான் சொல்கிறேன், தவறென்றால் டாக்டர் அம்மா என்னை மேடையிலேயே திருத்தலாம்.

ஷூவுக்கு இரட்டைத் தையல் போடுகிறோம் இல்லையா? ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். உடம்புக்குள்ளும் அப்படித்தான்: ஒரு தையல் அப்பா கொடுத்தது, ஒரு தையல் அம்மா கொடுத்தது. காசிக்கு ஒன்று அறுந்திருந்தது, அமிர்தவள்ளிக்கும் அதே ஒன்று அறுந்திருந்தது. மற்றது தாங்கியதால் இருவருக்கும் நோயில்லை. கௌதமுக்கோ இரண்டுமே அறுந்தவையாக வந்துவிட்டன. அதனால் நோயை எதிர்க்கும் அணுக்களுக்கு "போதும், நிறுத்து" என்ற கட்டளை கேட்கவில்லை. எதிரியே இல்லாத குடலில் ஓயாமல் போர் நடந்தது!

"அப்போ… எங்கையால இல்லியா மேடம்?"

"உங்க கையால இல்ல. அவங்க பாலால இல்ல. யாரும் தெரிஞ்சு குடுக்கல."

காசி அங்கேயே உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் இருந்தேன், நானும் அழுதேன்.

என்ன தம்பி, பின்னாலிருந்து? "சொந்தத்துல கட்டவே கூடாதா?" என்கிறாயா? நல்ல கேள்வி. சொந்தத்தில் இந்த வாய்ப்பு கூடுகிறது, உண்மை. சொந்தமில்லாத அசலில் கட்டியவர்களுக்கும் வரலாம், அதுவும் உண்மை. கட்டுவதற்கு முன்னால் மருத்துவரிடம் கேள். கட்டிவிட்டால் பெண்டாட்டியைக் குற்றம் சொல்லாதே. பிள்ளைக்கு வரும் எல்லா வயிற்றுப்போக்கும் இதுவல்ல, பயப்படாதே. ஆனால் கைக்குழந்தைக்கு இரத்தம் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு!

அந்த அணுக்கள் உருவாவது எலும்பு மஜ்ஜையில்தான், அதனால் கௌதமுக்குப் புது மஜ்ஜை வேண்டும் என்றார்கள். அக்காள் மோனிஷாவுடையது பொருந்தியது. "தம்பிக்குக் கொஞ்சம் தரியா?" என்று கேட்டபோது அந்த வாண்டு என்ன கேட்டாள் தெரியுமா? "அவன் திருப்பிக் குடுப்பானா?" சிரிக்கிறீர்கள்! கேட்டாளே தவிர, கொடுத்துவிட்டாள்.

சிகிச்சை அறைக்குள் பிள்ளையோடு ஒருவர்தான் தங்கலாம். அமிர்தவள்ளி சொன்னார்: "நீ போ மாமா. நான் இத்தினி நாள் தூக்கிட்டேன்." காசி வாசல்வரை போய் நின்றுவிட்டார். வாசலில் நர்ஸ், "கையக் கழுவிட்டுப் போய்த் தூக்குங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். கழுவினார், போனார், தூக்கினார். காய்ச்சலும் கலக்கமும் கடந்து, அக்காள் கொடுத்தது தம்பிக்குள் வேர்பிடித்தது. புண் ஆறியது, இரத்தம் நின்றது, இப்போது சோற்றுக்குச் சண்டை போடுகிறான் பையன்.

அவனுக்கு அக்காள் இருந்தாள், அவள் பொருந்தினாள். பொருந்தாத பிள்ளைகள்? அவர்களுக்கு அக்காள் யார்? அண்ணன் யார்? இந்து கொடுத்த மஜ்ஜை முஸ்லிமுக்கு ஆகாதா? நாட்றம்பள்ளிக்காரன் கொடுத்தது ஆம்பூர்ப் பிள்ளைக்கு ஆகாதா? ஆகும்! அதற்குத்தான் இந்த முகாம். கன்னத்தின் உள்ளே பஞ்சால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் இன்றைக்கு.

காசி, அமிர்தவள்ளி மடியில் இருக்கும் கௌதமைத் தூக்கிக்கொண்டு எழுந்து வா. கையை ஏன் பாக்கெட்டில் வைத்திருக்கிறாய்? வழி விடுங்கள் தோழர்களே! யார் செய்த குற்றம் என்று கேட்ட தெருவுக்கு, பதிலைத் தூக்கிக் காட்டு காசி. இன்னும் உயரமாக! பார்த்தீர்களா, மைக்கைப் பிடுங்குகிறான்! இதற்கு மேல் நான் பேச வேண்டியதில்லை. கேட்ட உங்களுக்கும், பொறுத்த தலைவருக்கும், காத்த மருத்துவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கத்தைக் கௌதமே சொல்லட்டும். சொல்லுடா கண்ணு!